பூவை அப்புறம் பார்க்கலாம், தகட்டைப் படியுங்கள்

தாவரவியல் பூங்காவுக்கு வருகிறவர்கள் முதலில் பூவைப் பார்க்கிறார்கள், அடுத்து பெரிய மரத்தோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், கண்ணாடிக் கூடத்துக்குள் போய் வியர்த்து வழிந்தபடி ஆளுயர இலைகளைத் தொட்டுப் பார்க்கிறார்கள். செடியின் காலடியில் குத்தி வைத்திருக்கும் சின்னத் தகட்டை யாரும் சீந்துவதில்லை. படிக்கக் குனிகிற ஒன்றிரண்டு பேரும் லத்தீன் பெயரைக் கண்டதும் நிமிர்ந்துவிடுகிறார்கள். எனக்கு நேர் எதிர். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் கண் தகட்டுக்குத்தான் போகும், அதிலும் பெயரைத் தாண்டி, மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைத் தேடும். தாவரவியலில் இத்தனை வருடம் காலம் தள்ளியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கூட வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், தெரியும்.

அதற்குச் சேர்க்கை எண் என்று பெயர். பெரும்பாலும் முதல் நான்கு இலக்கம் செடி வந்த ஆண்டு, மிச்சம் அந்த ஆண்டின் வரிசை எண். அதை வைத்துப் பதிவேட்டைத் திறந்தால் விதை எடுத்தது யார், எந்த மலையின் எந்தச் சரிவில், எவ்வளவு உயரத்தில், எந்தத் தேதியில், ஒரே தாய்ச்செடியிலிருந்தா இல்லை பல செடிகளிலிருந்தா, பக்கத்தில் வேறென்ன முளைத்திருந்தது என்பதெல்லாம் இருக்கும். அல்லது இருக்க வேண்டும். கூடவே ஓர் ஒற்றை எழுத்தும் உண்டு, உலகம் முழுக்கப் பூங்காக்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட குறியீடு அது. டபிள்யூ என்றால் காட்டிலிருந்து நேராக வந்தது. இசட் என்றால் காட்டிலிருந்து வந்த செடிக்குத் தோட்டத்தில் பிறந்த வாரிசு. ஜி என்றால் தோட்டத்துச் சரக்கு, காட்டோடு தொடர்பு இல்லை. யூ என்றால் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

செடி செத்தால் நான் பெரிதாக வருந்துவதில்லை. செடி என்றால் சாகத்தான் செய்யும், அதுவும் சொந்த மண்ணை விட்டுவந்த செடி. தகடு தொலைந்து, பதிவேட்டில் யாரும் தேடிப் பிடிக்க முடியாமல், ஒரு டபிள்யூ செடி யூ ஆகிப்போவதுதான் தாங்காது. செடி அப்படியே நிற்கும், பூக்கும், பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஆராய்ச்சிக்கும் சரி, காட்டில் திரும்ப நடுவதற்கும் சரி, அதன் பயன் பெரும்பகுதி போய்விட்டது. அது இனி அலங்காரச் செடி.

இது மிகையாகத் தோன்றலாம், காரணம் சொல்கிறேன். இயற்கையில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வாழும் இரண்டு சிற்றினங்களை நாம் பூங்காவில் ஒரே பாத்தியில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறோம். தேனீக்குப் பாத்தியில் எல்லைக்கோடு தெரியாது. விழுகிற விதை பெரும்பாலும் கலப்பு விதை, ஆனால் அதைப் பொறுக்கி உறையில் போடுகிறவர் தாய்ச்செடியின் பெயரைத்தான் எழுதுவார். அந்த உறை இன்னொரு பூங்காவுக்குப் போகும், அங்கிருந்து மூன்றாவது பூங்காவுக்குப் போகும். பூங்காக்கள் ஒன்றுக்கொன்று விதைப் பட்டியல் அனுப்பி இலவசமாகப் பரிமாறிக்கொள்வது நூற்றாண்டுகளாக நடக்கிற நல்ல வழக்கம்தான், ஆனால் தவறான பெயர்களும் அதே வழியில்தான் ஊர் சுற்றின. பெயர் சரியாகவே இருந்தாலும், கடலோரத்து விதையா மலையுச்சி விதையா என்று தெரியாமல் ஒரு காட்டைத் திரும்ப உருவாக்க யாரும் அதை நடத் துணியமாட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் பூங்கா என்ற ஏற்பாடே இந்தச் சந்தேகத்திலிருந்து பிறந்ததுதான். இத்தாலியின் பாதுவா நகரத்துத் தோட்டம் 1545இல் தொடங்கியது, இன்றுவரை அதே இடத்தில் இருக்கும் பல்கலைக்கழகத் தோட்டங்களில் அதுதான் மிகப் பழையது. அன்றைக்கு மருந்து என்றாலே வேரும் பட்டையும்தான், மூலிகையில் கலப்படமும் ஆள்மாறாட்டமும் சகஜம். எது நிஜ மூலிகை, எது போலி என்று மருத்துவ மாணவர்கள் உயிரோடு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அதற்காகத்தான் தோட்டம். தொடங்கிய சில வருடத்திலேயே இரவில் ஆட்கள் புகுந்து விலையுயர்ந்த செடிகளைத் திருட ஆரம்பித்தார்கள், 1552இல் சுற்றி வட்டமாக மதில் எழுப்பினார்கள். (திருட்டு நின்றுவிடவில்லை. 2014 ஜனவரியில் லண்டன் கியூ பூங்காவின் கண்ணாடிக் கூடத்திலிருந்து உலகின் மிகச் சிறிய அல்லி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த அல்லியைப் பற்றிக் கீழே வரும்.)

சரி, இதில் தாவரவியலாளருக்கு என்ன வேலை? காட்டில் அலைவது என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம், நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன். அலைச்சல் உண்டு. ஆனால் பகலில் மூன்று மணி நேரம் சேகரித்தால் இரவில் அதைவிட அதிக நேரம் உட்கார வேண்டும். ஒவ்வொரு கிளையையும் செய்தித்தாளுக்குள் வைத்து, இலைகளில் ஒன்றையாவது திருப்பி அடிப்பக்கம் தெரிகிற மாதிரி விரித்து, பூவைப் பிளந்து ஒன்று, முழுசாக ஒன்று என்று அமைத்து, மேலே அட்டையும் உறிஞ்சு தாளும் வைத்து, மரச்சட்டத்துக்கு நடுவில் வார்பட்டையால் இறுக்க வேண்டும். மறுநாள் தாள் ஈரத்தில் நமுத்துப் போயிருக்கும், மாற்ற வேண்டும். அதற்கடுத்த நாளும் மாற்ற வேண்டும். சோம்பல் பட்டால் பூஞ்சை பூத்துவிடும், அந்தப் புளித்த வாசம் கூடாரத்தை விட்டுப் போகாது. இதற்கிடையில் குறிப்பேடு: பூவின் நிறம், வாசம், கிள்ளினால் பால் வருகிறதா, மரத்தின் உயரம், பட்டை உரிகிறதா இல்லையா. காய்ந்தபின் நிறமும் வாசமும் போய்விடும், மரத்தின் உயரத்தைக் கிளையிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அந்த இடத்தில் எழுதாவிட்டால் அதோடு சரி.

அப்படிச் செய்த மாதிரி ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தின் அலமாரிக்குள் போகும், போய்க் காத்திருக்கும். எவ்வளவு காலம்? 2010இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கெடுத்தது. புதிய சிற்றினம் என்று அறிவிக்கப்பட்டவற்றில் சேகரித்த ஐந்து ஆண்டுக்குள் பெயர் கிடைத்தவை 16 சதவீதம்தான். ஏறத்தாழ கால்வாசி அறிவிப்புகளில் பயன்பட்ட மாதிரிகள் 50 ஆண்டுக்கும் பழையவை. அதாவது, காட்டில் பறித்தவர் கிழவராகி, பலசமயம் இறந்தும் போய், அவர் முகம்கூடத் தெரியாத ஒருவர் அலமாரியைத் திறந்து, இது புதிது என்று கண்டுபிடிக்கிறார். கண்டுபிடிப்பு என்பது காட்டில் நடப்பதைவிட அலமாரியில் நடப்பது அதிகம். அந்த இரண்டாம் ஆளுக்கு உதவப்போவது முதல் ஆள் கூடாரத்தில் எழுதிய நாலு வரி மட்டுமே.

இப்படிப்பட்ட வேலைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டால், நியாயமான கேள்வி. பெரும்பாலான நிதி மூன்று வருடத் திட்டங்களாக வருகிறது. சில மரங்கள் முதல் பூ பூக்கவே அதைவிட அதிக காலம் எடுத்துக்கொள்ளும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பதிவேட்டைக் கவனித்தவர் ஓய்வுபெற்றபின் அந்தப் பணியிடத்தை நிரப்பவில்லை, அதே வருடம் நுழைவாயிலில் இசைக்கு ஆடுகிற நீரூற்று வைத்தார்கள். கூட்டம் வந்தது என்பதை மறுக்க மாட்டேன். பெரிய இடங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 8 லட்சத்துக்கும் அதிகமான மாதிரிகள் கொண்ட தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. பராமரிக்க இடமும் பணமும் வேண்டும் என்ற அவர்கள் வாதம் எனக்குப் புரிகிறது. ஏற்க முடியவில்லை.

வேலைவாய்ப்பைப் பற்றி யாராவது கேட்டால் நான் ஜானகி அம்மாளைத்தான் உதாரணம் காட்டுவேன், ஒரு தாவரவியலாளரின் பாதை எவ்வளவு கோணல்மாணலாக இருக்கும் என்பதற்கு. 1897இல் தலச்சேரியில் பிறந்தார், சென்னையில் படித்தார், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் வாங்கினார். கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் கரும்பையும் அதன் புல் உறவினர்களையும் கலந்து குரோமோசோம் எண்ணினார். உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் இருந்தார், 1945இல் மரபியல் அறிஞர் சிரில் டார்லிங்டனோடு சேர்ந்து பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து நூலாக்கினார். அடுத்து இங்கிலாந்திலேயே விஸ்லி தோட்டம். அங்கே மக்னோலியா என்ற பூமரத்தின் நாற்றுகளுக்குக் கால்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் சோதனை செய்தார். 1950களில் நேருவின் அழைப்பில் இந்தியா திரும்பி, பிஎஸ்ஐ என்ற இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 80 வயதை நெருங்கும்போது கேரளத்தின் சைலன்ட் வேலி காட்டில் அணை கட்டக்கூடாது என்று எதிர்த்து நின்றார். 1984இல் இறக்கும்வரை சென்னைக்குப் பக்கத்தில் மதுரவாயலில் இருந்த ஆய்வகத்தில் வேலையை விடவில்லை.

அவர் விஸ்லியில் நட்ட மக்னோலியாக்கள் அங்கே ஒரு குன்றின் சரிவில் வளர்ந்து நிற்கின்றன, அவற்றிலிருந்து வந்த ஒரு ரகத்துக்கு அவர் பெயரே இருக்கிறது. தோட்டத்தில் மக்னோலியா ஏராளம். இது அவர் கைபட்டது, இந்த மருந்து பட்டது, குரோமோசோம் எண்ணிக்கை மாறியது என்று இத்தனை காலத்துக்குப் பிறகும் சொல்ல முடிகிறது என்றால், யாரோ எழுதி வைத்தார்கள், அடுத்தடுத்து வந்தவர்கள் அந்தத் தாளைத் தொலைக்கவில்லை.

பூங்காவுக்கு வெளியே ஏறத்தாழ ஒன்றுமே மிச்சமில்லாத செடிகளும் உண்டு. மொரீஷியஸைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் என்ற சின்னத் தீவில் காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த கஃபே மரோன் என்று ஒரு குறுமரம். அழிந்துபோனது என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். 1980இல் ஒரு பள்ளி ஆசிரியர் உள்ளூர்த் தாவரங்களைத் தேடச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்ப, ஒரு மாணவன் ஒரே ஒரு மரத்தைக் கண்டுபிடித்தான். செய்தி பரவியதும் மருந்துக்கு ஆகும் என்று மக்கள் வந்து கிளையை வெட்ட ஆரம்பித்தார்கள், வேலி போட வேண்டியதாயிற்று. 1986இல் வெட்டுத்துண்டுகள் விமானத்தில் கியூவுக்குப் போயின. அதில் ஒன்று வேர்விட்டது. வளர்ந்தது, நட்சத்திரம் போன்ற வெள்ளைப் பூக்களை அள்ளிக் கொட்டியது, ஒரு விதையும் வைக்கவில்லை.

பல வருடம் அப்படியே போயிற்று. கிளை வெட்டி நட்டால் அதே மரத்தின் நகல்தான் வரும், விதை வந்தால்தான் கொஞ்சமாவது மாறுபட்ட சந்ததி. கார்லோஸ் மக்டலேனா என்ற தோட்டக்கலைஞர் அதில் இறங்கினார். மகரந்தம் சூல்முடியில், அதாவது பூவின் பெண் பாகத்து நுனியில், விழுந்தும் உள்ளே குழாய் இறங்கவில்லை, அங்கேதான் ஏதோ தடை என்று கணித்து, சூல்முடியையே கத்தியால் சீவிவிட்டு, வெட்டுப்பட்ட சூல்தண்டின் நுனியில் நேராக மகரந்தத்தைத் தடவினார். பூ பூவாகப் பலமுறை செய்தார். கூடத்தில் வெப்பம் அதிகமான இடத்தில் வைத்துப் பார்த்தார். 2003இல் ஒரு காய் பிடித்தது, அதற்குள் விதை இருந்தது. அந்த வழிவந்த விதைகள் பிறகு ரோட்ரிக்ஸுக்கே திரும்பிப் போயின. நாற்றுகள் வளர்ந்தபோது இன்னொரு விசித்திரம்: இளம் செடியின் இலை நீளமாக, ஒல்லியாக, பழுப்பாக இருக்கிறது, முதிர்ந்த மரத்தின் இலையோ வட்டமாகப் பச்சையாக. தனித்தனியாகக் காட்டினால் இரண்டு வெவ்வேறு செடி என்றுதான் யாரும் சொல்வார்கள், நான் உட்பட.

அல்லிக்கு வருகிறேன். ருவாண்டாவில் ஒரு வெந்நீர் ஊற்றின் ஓரச் சேற்றில் 1987இல் ஜெர்மன் தாவரவியலாளர் எபர்ஹார்ட் ஃபிஷர் கண்டது. இலை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சிறிதாகக்கூட இருக்கும். ஊற்றுத் தண்ணீரை விவசாயத்துக்குத் திருப்பியதில் அந்த இடத்தில் அது அற்றுப்போயிற்று. ஜெர்மனியின் பான் நகரப் பூங்காவில் வைத்திருந்ததால் பிழைத்தது, ஆனால் விதையை எப்படிப் போட்டாலும் முளை பெரிதாகாமல் செத்துக்கொண்டிருந்தது. இதிலும் மக்டலேனாதான். மற்ற அல்லிகளை மாதிரி தண்ணீருக்குள் மூழ்க வைக்கக்கூடாது, மண்ணின் மேல்பரப்பு காற்றுக்கு எட்டுகிற மாதிரி தண்ணீர் மட்டம் இருக்க வேண்டும், கரியமில வாயு கிடைக்க வேண்டும் என்பதை 2009 வாக்கில் பிடித்தார். அதற்கு வழிகாட்டியது, செடி வளர்ந்த இடத்தைப் பற்றிய பழைய விவரிப்புதான்: ஆழத் தண்ணீரில் இல்லை, வழிந்தோடும் ஈரச் சேற்றில். ஃபிஷர் "ருவாண்டா, வெந்நீர் ஊற்று" என்று மட்டும் எழுதியிருந்தால்?

எல்லாம் இப்படி முடிவதில்லை. ஈஸ்டர் தீவின் தோரோமிரோ மரம் தீவில் 1960 வாக்கில் ஒழிந்தது. 1950களில் நார்வே நாட்டு ஆய்வுப் பயணி தோர் ஹெயர்டாலின் குழு கொண்டுபோன விதைகள் சுவீடனின் கோதன்பர்க் பூங்காவில் முளைத்தன, சிலியிலும் சில மரங்கள் இருந்தன. அங்கிருந்து கன்றுகளைத் தீவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள், பெரும்பாலும் செத்தன, மறுபடி நட்டார்கள். மரம் இருக்கிறது, அது வளர்ந்த காடும் மண்ணும் இல்லை. பூங்காவில் ஒரு செடி பத்திரமாக இருக்கிறது என்றால் காட்டை வெட்டினால் என்ன என்று பேசுகிறவர்களுக்கு இந்த மரத்தைக் காட்டலாம். தென்னாப்பிரிக்காவில் ஜான் மெட்லி வுட் 1895இல் கண்ட, பனை மாதிரித் தோற்றமுள்ள சைக்கட் மர இனம் ஒன்றின் நிலை இன்னும் மோசம். கிடைத்தது ஆண் மட்டும். உலகப் பூங்காக்களில் நிற்பதெல்லாம் அந்த ஒரே ஆணின் பக்கக்கன்றுகள். பெண் மரம் எங்காவது இருக்குமா என்று அந்தக் காட்டின் மேல் ட்ரோன் பறக்கவிட்டுப் படங்களைக் கணினியால் அலசுகிறார்கள்.

பூங்காக்களைப் புகழ்ந்துகொண்டே போனால் நேர்மையாக இருக்காது. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுபோனார், முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின, சில பத்தாண்டில் பிரேசிலின் ரப்பர் வணிகம் சரிந்தது. பேரரசுகளின் தோட்ட வணிகத்துக்குப் பூங்காதான் நாற்றங்கால். களைகளையும் பரப்பினோம். வெங்காயத் தாமரை ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு அழகுக்காக வந்து, ஆற்றில் இறங்கியது. சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவுச் செடி ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு பூங்காவின் மதில் தாண்டிப்போய், தண்டவாளத்தின் ஜல்லி தன் சொந்த ஊர் எரிமலைக் கல் மாதிரியே இருப்பதைக் கண்டு, ரயிலோடு சேர்ந்து பிரிட்டன் முழுக்கப் பரவியது. போன இடத்தில் உள்ளூர் உறவுச் செடியோடு கலந்து புதிய சிற்றினங்களையே உண்டாக்கிவிட்டது. அது பரிணாமப் பாடத்துக்கு அருமையான உதாரணம் என்று நாங்கள் வகுப்பில் வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறோம்.

இந்த வரலாற்றால்தான் 1993இல் நடைமுறைக்கு வந்த பல்லுயிர் உடன்படிக்கை, ஒரு நாட்டின் தாவரங்கள் மேல் அந்த நாட்டுக்கே உரிமை என்றது. சரியான முடிவு. ஆனால் பக்கவிளைவு உண்டு: காட்டிலிருந்து முறையாகச் சேகரித்துப் பூங்காக்களுக்கு வருவது அதன்பின் குறைந்துவிட்டது. படிவங்கள், அனுமதிகள், பதில் வராத கடிதங்கள். 2017இல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி உலகத் தாவர இனங்களில் குறைந்தது 30 சதவீதம் பூங்காக்களில் இருக்கிறது, அழியும் ஆபத்தில் உள்ளவற்றில் 41 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. அதே ஆய்வின் இன்னொரு வரி: பூங்காக்களில் உள்ள இனங்களில் 93 சதவீதம் வட அரைக்கோளத்தில் வளர்க்கப்படுகிறது, மிதவெப்ப நாடுகளின் கைதான் ஓங்கியிருக்கிறது. தாவர வகைகளோ வெப்பமண்டலத்தில்தான் குவிந்து கிடக்கின்றன. என் கருத்து, இனி பணத்தைச் செடி இருக்கும் இடத்துப் பூங்காக்களில் போட வேண்டும், அங்கே பதிவேடு எழுதுகிற ஆட்களுக்கு நிரந்தர வேலை கொடுக்க வேண்டும். கண்ணாடிக் கூடம் கட்டுவதைவிட அது மலிவு, திறப்பு விழா நடத்த முடியாது என்பது மட்டுமே குறை.

தாவரவியல் படிக்கலாமா என்று கேட்டு எழுதும் பிள்ளைகளுக்கு: படியுங்கள், ஆனால் தரவுத்தளம் கையாளவும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பூங்காவில் ஒரு வருடமாவது தோட்டக்காரர்களோடு மண்ணில் கைவைத்து வேலை செய்யுங்கள், விதை ஏன் முளைக்கவில்லை என்பது பேராசிரியரைவிட அவர்களுக்குத்தான் தெரியும். எந்தக் குடும்பத்தைப் பிடிப்பது என்று குழப்பமாக இருந்தால், ஆர்க்கிட் பக்கம் போகாதீர்கள், அங்கே கூட்டம் நெரிகிறது. கோரைக் குடும்பத்தை எடுங்கள். பூ கண்ணுக்கே தெரியாது, காய் கடுகைவிடச் சிறியது, லென்ஸ் இல்லாமல் ஓர் இனத்தையும் பிரிக்க முடியாது, அதனாலேயே அடையாளம் காணச் சொல்லி அலமாரி அலமாரியாக அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.